மாத்திரை சும்மா கிடைக்குது, அத வாங்கப் போற பாதைதான் தூரம்

நான் இலங்கையில பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில கொழுந்து எடுக்கிறேன். பேரு, தோட்டத்து பேரு, டிவிஷன் எதுவும் எழுத மாட்டேன், ஏன்னு சொல்லத் தேவையில்ல. எனக்கு எச்.ஐ.வி இருக்குன்னு 2021 ஜூலை மாசம் தெரிஞ்சுச்சு, அப்ப நான் நாலு மாசம் முழுகாம இருந்தேன். இப்ப மகன் நர்சரிக்கு போறான், அவனுக்கு அந்த நோய் இல்ல, நான் தினமும் மலைக்கு போய்ட்டுத்தான் வாறேன். நம்ம பக்கத்துல இந்த நோயப் பத்தி யாராச்சும் வாய தொறந்தா ஒண்ணு பயமுறுத்துவாங்க, இல்லாட்டி டவுன்ல இருந்து வந்து கூட்டம் வச்சு எப்படி வராம தடுக்கிறதுன்னு சொல்லிட்டு போயிருவாங்க. வந்த பிறகு லயத்துல, ஒட்டி ஒட்டி இருக்கிற தோட்டத்து வரிசை வீட்டுல, இருந்துகிட்டு எப்படி மருந்து குடிக்கிறது, கிளினிக் போற நாளுக்கு பேரு, அதான் அன்னைக்கு நாள் கூலி, போகுமே அதுக்கு என்ன செய்றது, பக்கத்து காம்பரா அறையில இருக்கிறவங்களுக்கு என்ன சொல்றது, புள்ளைக்கு தாய்ப்பால் குடுக்காம எப்படி சமாளிக்கிறது, இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரல. நானா விழுந்து எழும்பி படிச்சத எழுதுறேன், எங்கயோ ஒருத்திக்கு உதவினா போதும்.

புள்ளத்தாச்சியா பதிஞ்ச உடனே மிட்வைஃப் மிஸ் இரத்தம் எடுக்க அனுப்புவாங்க தானே, சீனி, இரத்த வகை எல்லாத்தோடயும் எச்.ஐ.வியும் பாப்பாங்க, இது இலங்கையில எல்லா கர்ப்பிணிக்கும் பாக்கிறது, யாரையும் சந்தேகப்பட்டு இல்ல. எனக்கு இது அப்ப தெரியாது. ரெண்டு கிழமை கழிச்சு மிஸ் லயத்துக்கே வந்து வாசல் இஸ்தோப்புல நின்னுகிட்டு, தங்கச்சி உங்க இரத்தத்த இன்னொருக்கா பாக்கணுமாம், நாளைக்கே போங்கன்னாங்க. ஏன் மிஸ்னு கேட்டேன், இரத்தம் குறைவா இருக்கலாம்னு சொல்லிட்டு மாமி மூஞ்சப் பாத்தாங்க. அந்த பார்வையிலயே எனக்கு வயித்த பிசைஞ்சுச்சு.

போன இடத்துல டொக்டர் சிங்களத்துல பேசினாரு. எனக்கு சிங்களம் கடைக்கு போறதுக்கு, பஸ்ஸுக்கு, சண்டைக்கு போதும், இந்த மாதிரி பேச்சுக்கு போதாது. நர்ஸ் மிஸ்ஸி வெளிய எட்டிப் பாத்து தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள கூப்பிட்டாங்க, வந்தது அங்க வேலை செய்ற ஒரு அண்ணன், பாத்தா எங்களுக்கு அடுத்த தோட்டத்து ஆளு, என் நாத்தனார் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டு போன ஆளு. எனக்கு கை கால் நடுங்கிருச்சு. எனக்கு சிங்களம் நல்லா விளங்கும், ஆள் வேணாம்னு சொல்லிட்டேன். அப்புறம் டொக்டர் சொன்னதுல பாதிதான் விளங்குச்சு, விளங்கின பாதிய நானே ஒண்ணு சேத்து, ஆறு மாசத்துல செத்துருவேன், புள்ளயும் போயிரும்னு முடிவு பண்ணிகிட்டு பஸ் ஏறி வந்தேன். வர்ற வழியெல்லாம் அழல. பீலிக்கரையில கால் கழுவும் போதுதான் அழுதேன், தண்ணி சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு.

இதுல நான் படிச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, முதல் தடவை பொசிட்டிவ்னு வந்தா அது முடிவு இல்ல, திரும்ப இரத்தம் எடுத்து உறுதிப்படுத்தின பிறகுதான் இருக்குன்னு சொல்லுவாங்க, அதனால முதல் நாள்லயே உடைஞ்சு போகாதீங்க. ரெண்டாவது, மொழிபெயர்க்க ஊர் ஆள் வந்தா வேணாம்னு சொல்லலாம், ஆனா என்னைய மாதிரி விளங்கும்னு பொய் சொல்லிட்டு வராதீங்க. வேற யாராச்சும் தமிழ் தெரிஞ்ச டொக்டரோ மிஸ்ஸியோ இருக்கிற நாள சொல்லுங்க, இல்லாட்டி போன்ல பேச ஒருத்தர புடிச்சு குடுங்கன்னு கேளுங்க, அதுவும் இல்லன்னா ஒரு துண்டுல எழுதியாச்சும் தாங்கன்னு கேளுங்க. தமிழும் இந்த நாட்டு அரச மொழிதான், கேக்கிறதுல ஒரு வெக்கமும் இல்ல. நம்மாளுங்களுக்கு ஆஸ்பத்திரியில குரல் எழும்பாது, அதுதான் பெரிய நோய்.

அப்புறம் நான் கண்டிக்கு மாறிட்டேன். நிறைய பேருக்கு தெரியாது, இந்த கிளினிக்குக்கு உங்க ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு சட்டம் இல்ல. நுவரெலியா, பதுளை, கண்டி, கொழும்பு எங்க இருக்கிற எஸ்.டி.டி, அதான் பாலியல் நோய் பாக்கிற, கிளினிக்குக்கும் போய் பதியலாம். தெரிஞ்ச மூஞ்சி இல்லாத இடம் வேணும்னு கண்டிய எடுத்தேன். அங்க ஒரு டொக்டரம்மா தமிழ்லயே பேசினாங்க, ஒரு பேப்பர எடுத்து வட்டம் போட்டு, இது உங்க இரத்தத்துல இருக்கிற காவல்காரன், இது கிருமி, காவல்காரன் எண்ணிக்கைய சிடி4னு சொல்லுவோம், கிருமி எண்ணிக்கைய வைரல் லோட்னு சொல்லுவோம், மாத்திரை கிருமிய பெருக விடாம புடிச்சு வைக்கும், தினம் ஒண்ணு, உங்க ஆயுசுக்கும், அவ்வளவுதான்னு சொன்னாங்க. நான் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு காசு. ஒரு சதமும் இல்லன்னாங்க. 2004ல இருந்து இந்த மருந்து நம்ம நாட்டு அரச கிளினிக்ல இலவசம். பிறகு ஒரு நாள் போன்ல தேடி வாசிச்சேன், கமலிகா அபேரத்னன்னு ஒரு குழந்தை டொக்டர், இரத்தம் ஏத்தினதுல அவங்களுக்கு இது வந்துச்சாம், ஒளிச்சு வைக்காம வெளிய வந்து பேசினவங்க, அவங்க செத்ததும் அதே 2004லதான். அத வாசிச்ச அன்னைக்கு ராத்திரி மாத்திரைய கையில வச்சுகிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

மாத்திரை இலவசம். ஆனா அத எடுக்கப் போற நாள் இலவசம் இல்ல. காலைல முதல் பஸ்ஸுல ஹட்டனுக்கு இறங்கணும், அங்க இருந்து கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி கண்டி. நேரத்துக்கு பஸ் கிடைச்சா பத்து மணிக்கு கிளினிக், திரும்பி லயத்துக்கு வரும் போது இருட்டிரும். 2022ல டிக்கட் ஏறின பிறகு போக வர சாப்பாட்டோட கிட்டத்தட்ட 1500 ரூபா போச்சு. அன்னைக்கு பேரும் இல்ல. அப்ப ஒரு நாள் பேரு 1000 ரூபா, அதுவும் 18 கிலோ எடுத்தாத்தான் எங்க தோட்டத்துல முழுப் பேரு, குறைஞ்சா அரைப் பேரு. ஆக ஒரு கிளினிக் நாள்னா கையில இருந்து 2500 ரூபா போகுது. முதல்ல மாசா மாசம் வரச் சொன்னாங்க, வயித்துப் புள்ள வேற இருந்ததால அதுக்கு இடையிலயும் போகணும். சும்மா குடுக்கிற மருந்த ஏன் விட்டுட்டு போறாங்கன்னு கேக்கிறவங்க இந்த கணக்க ஒருக்கா போட்டு பாக்கணும். கவனக்குறைவு இல்ல அது, அந்த மாசம் கடையில கடன் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

நான் செஞ்சது என்னன்னா, மூணு மாசம் ஒழுங்கா குடிச்சு கிருமி அளவு குறைஞ்சுச்சுன்னு ரிப்போர்ட் வந்த உடனே நானே வாய விட்டு கேட்டேன், மிஸ்ஸி எனக்கு பேரு போகுது, சேத்து தாங்கன்னு. அதுல இருந்து மூணு மாசத்துக்கு மூணு போத்தல் தாறாங்க. கேட்டாத்தான் கிடைக்கும். உங்க வேலை, உங்க தூரம், உங்க கூலி எல்லாத்தயும் கிளினிக்ல சொல்லுங்க, அவங்களுக்கு நம்ம வாழ்க்கை தெரியாது, எட்டு மணிக்கு ஏன் வரலன்னு கேக்கிற டொக்டருக்கு காலைல வேலைக்கு பேரு பதியிற பெரட்டுன்னா என்னன்னே தெரியாது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு குடுக்க துண்டு கேட்டா நோய் பேரு போடாம, கிளினிக்குக்கு வந்தாங்கன்னு மட்டும் எழுதித் தாங்கன்னு சொல்லணும், எனக்கு அப்படித்தான் தந்தாங்க.

பொய் சொல்றதப் பத்தியும் நேராவே எழுதுறேன், ஏன்னா லயத்துல உண்மைய ஒளிக்க ஒரு பொய் கட்டாயம் வேணும். ஒரே பொய்யா இருக்கட்டும், எல்லாருக்கும் அதையே சொல்லுங்க. நான் தைரொயிட்டுக்கு கண்டி பெரிய ஆஸ்பத்திரியில காட்டுறேன்னு கங்காணிக்கும் அதே, டிஸ்பென்சரிக்கும் அதே, எங்க அம்மாவுக்கும் அதே. தைரொயிட்டுக்கும் தினம் மாத்திரை, அதுக்கும் மாசக்கணக்குல கிளினிக், யாரும் ரெண்டாவது கேள்வி கேக்கல. ஆளுக்கு ஒரு கதை சொன்ன ஒரு அக்காவ எனக்கு தெரியும், பீலிக்கரையில நாலு கதையும் ஒண்ணா சேந்துருச்சு.

இப்ப போத்தல். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், எனக்கு இதுதான் தினசரி பிரச்சினை. எங்க காம்பரா பத்துக்கு பன்னெண்டு அடி, நடுவுல ஒரு சேலைய கட்டி மறைச்சிருக்கோம், அந்தப் பக்கம் மாமி, கொழுந்தன், இந்தப் பக்கம் நாங்க. மாத்திரை வர்றது வெள்ளை பிளாஸ்டிக் போத்தல்ல, முப்பது மாத்திரை, தூக்கினாலே கிலுகிலுன்னு சத்தம் போடும். முதல் மாசம் நான் மாத்திரைய எல்லாம் கொட்டி ஒரு பொலித்தின் பையில கட்டி அரிசி டின்னுக்குள்ள போட்டேன், நம்ம ஊரு பனிக்கும் ஈரத்துக்கும் பத்து நாள்ல மாத்திரை பிசுபிசுன்னு ஆயிருச்சு. மிஸ்ஸிகிட்ட காட்டினப்ப ஏசினாங்க, அந்த போத்தலுக்குள்ள ஒரு குட்டிப் பை இருக்கே அது ஈரத்த இழுக்கிறதுக்கு, அத எடுக்கவே கூடாது, மாத்திரைய போத்தல்லயே வைங்கன்னாங்க. அதுக்கப்புறம் நான் கண்டுபுடிச்ச வழி, மெடிக்கல் கடையில பஞ்சு ஒரு சுருள் வாங்கி கொஞ்சம் கிழிச்சு போத்தலுக்குள்ள மாத்திரைக்கு மேல அமுக்கி வச்சிருவேன், சத்தமே வராது. வெளிய ஒட்டியிருக்கிற லேபல வெந்நித் துணி வச்சு உரிச்சிருவேன், ஆனா உரிக்க முன்ன போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கணும். ஏன்னா திடீர்னு எங்கயாச்சும் தூக்கிட்டு போனா என்ன மருந்து குடிக்கிறோம்னு டொக்டருக்கு காட்ட வேணும். குடிக்கிற நேரம் ராத்திரி எட்டு மணி, ரேடியோ நியூஸ் போற நேரம், தேத்தண்ணியோட.

கர்ப்பிணிகளுக்கு ஒரு முக்கியமான விஷயம். மிட்வைஃப் மிஸ் இரும்பு மாத்திரையும் கல்சியம் மாத்திரையும் தருவாங்க. இப்ப நமக்கு குடுக்கிற மருந்துல டொலுடெக்ராவிர்னு ஒண்ணு இருக்கு, அது இரும்பு கல்சியத்தோட வெறும் வயித்துல சேந்தா உடம்புல சேராம போயிரும். இரும்பு கல்சியம் குடிக்க ரெண்டு மணித்தியாலம் முந்தி எச்.ஐ.வி மாத்திரைய குடிச்சிரணும், இல்லன்னா இரும்பு குடிச்சு ஆறு மணித்தியாலம் கழியணும். வயித்தெரிவுக்கு கடையில வாங்கி குடிக்கிற மருந்துக்கும் இதேதான். நான் இரும்பையும் கல்சியத்தையும் பகல்ல மலையில சாப்பாட்டு நேரத்துல முடிச்சிருவேன், எச்.ஐ.வி மாத்திரை ராத்திரிக்கு. மிட்வைஃபுக்கு நம்ம மருந்து தெரிஞ்சிருந்தா நல்லது, எங்க மிஸ்ஸுக்கு தெரியும், அவங்க ஒருத்தருக்கும் வாய தொறக்கல, அதுக்கு நான் அவங்களுக்கு காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கேன்.

அந்த 2021 ஓகஸ்ட்ல கொரோனாவுக்கு நாட்டையே மூடினாங்க. கண்டிக்கு போக வழியில்ல, மாத்திரை எட்டுதான் மிச்சம். கிளினிக்குக்கு போன் பண்ணா, தபால்ல போட்டு விடுறோம், அட்ரஸ் சொல்லுங்கன்னாங்க. தோட்டத்துல அட்ரஸ் எங்க இருக்கு. எல்லார் கடுதாசியும் ஒஃபிஸுக்கு வரும், அங்க இருந்து யாரோ ஒருத்தர் கையில குடுத்து விடுவாங்க, கண்டி ஆஸ்பத்திரியில இருந்து பார்சல் வந்தா அது என் கைக்கு வரும்போது நாலு பேரு தொட்டு குலுக்கி பாத்திருப்பாங்க. வேணாம் வேணாம்னு கத்திட்டேன். கடைசில மிட்வைஃப் மிஸ் பேருக்கு வந்து, அவங்க திரிபோஷ சத்துமா பக்கெட்டோட சேத்து கொண்டு வந்து தந்தாங்க. டவுன்ல நம்பிக்கையான ஒரு அட்ரஸ் முன்கூட்டியே பாத்து வச்சுக்குங்க, மழை, மண்சரிவு, ஸ்ட்ரைக், ஏதாச்சும் ஒண்ணு வந்துகிட்டேதான் இருக்கும் நம்ம ஊருக்கு. பத்து நாளுக்குப் போதுமான மாத்திரை எப்பவும் கையிருப்புல இருக்கட்டும்.

என் வீட்டுக்காரரப் பத்தி எழுதாம விட முடியாது. அவரு கொழும்புல ஒரு சாப்பாட்டுக் கடையில எட்டு வருஷம் வேலை செஞ்சாரு, 2020ல கொரோனாவோட கடை மூடி வீட்டுக்கு வந்தாரு. வரும் போதே இளைச்சுத்தான் வந்தாரு, இருமல் நிக்கவே இல்ல, குளிருன்னு நினைச்சோம். எனக்கு தெரிஞ்ச பிறகு அவரையும் கூட்டிட்டு போனேன், அவருக்கும் இருந்துச்சு, கூடவே டிபியும். யாருகிட்ட இருந்துன்னு நான் கேட்டேன். அவரு சுவத்த பாத்துகிட்டே இருந்தாரு. ரெண்டு மூணு மாசம் அத கேட்டு கேட்டு ரெண்டு பேரும் சாப்பிடாம கிடந்திருக்கோம், அப்புறம் ஒரு நாள் நான் கேக்கிறத விட்டுட்டேன். மன்னிச்சுட்டேன்னு இல்ல, வயித்துல புள்ள இருந்துச்சு, அவரு இரத்தமா துப்பிகிட்டு இருந்தாரு, எனக்கு வேற வேலை இருந்துச்சு.

முதல்ல டிபி மருந்து ஆரம்பிச்சு கொஞ்ச நாள் விட்டுத்தான் எச்.ஐ.வி மருந்து குடுத்தாங்க, ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா உடம்பு தாங்காதாம். டிபி மருந்துல ரிஃபாம்பிசின்னு ஒண்ணு இருக்கு, அது நம்ம மருந்தோட வேகத்த குறைக்குமாம், அதனால டொலுடெக்ராவிர் மட்டும் தனியா இன்னொண்ணு, பன்னெண்டு மணித்தியாலம் விட்டு. மூத்திரம் செம்மஞ்சளா போகும், அத பாத்து இவரு இரத்தம்னு பயந்து ரெண்டு நாள் மருந்த விட்டுட்டாரு, முன்னமே ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது நடந்திருக்காது. ஆறு மாசம் டிபி மருந்து முடிச்சு, இப்ப ஆளு மறுபடி எடை போட்டு கவ்வாத்து வேலைக்கு போறாரு. டிபிக்குன்னு சமூக சேவை திணைக்களத்துல ஒரு சின்ன உதவித்தொகை உண்டு, நெஞ்சு கிளினிக்ல கேளுங்க, டிபின்னு ஊருக்கு தெரிஞ்சா அவ்வளவு மானம் போகாது, அந்த காசு எங்களுக்கு பஸ்ஸுக்கு ஆச்சு. நாள்பட்ட இருமல், இளைப்பு, ராத்திரி வேர்வை இருந்தா டிபியோட சேத்து எச்.ஐ.வியும் பாத்துருங்க. அதே மாதிரி குவைத், சவுதி போக மெடிக்கல் எடுத்து காரணம் சொல்லாம அன்ஃபிட்னு அனுப்பிட்டாங்கன்னா வீட்டுல படுத்து அழுதுகிட்டு இருக்காதீங்க, ஒரு எஸ்.டி.டி கிளினிக்ல போய் இரத்தத்த குடுங்க.

டிசம்பர் கடைசில மகன் பிறந்தான். 36வது கிழமையில எடுத்த இரத்தத்துல கிருமி கண்டுபுடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்துச்சு, டொக்டரம்மா சிரிச்சுகிட்டே சொன்னாங்க, இனி உங்க மகனுக்கு பயப்பட ஒண்ணும் பெருசா இல்லன்னு. புள்ளைக்கு பிறந்த உடனே சிரப் குடுத்தாங்க, கிழமைக்கணக்குல நேரம் தவறாம ஊத்தணும். தாயில இருந்து புள்ளைக்கு போறத இலங்கை ஒழிச்சிருச்சுன்னு 2019ல உலக சுகாதார நிறுவனமே சான்றிதழ் குடுத்திருக்கு, அது வெறும் பேப்பர் இல்ல, என் மகன்தான் அது.

ஆனா பால். எங்கள தாய்ப்பால் குடுக்க வேணாம்னு சொன்னாங்க, பால் வத்த மாத்திரையும் தந்தாங்க. ஆஸ்பத்திரியில பிரச்சினை இல்ல, லயத்துக்கு வந்த பிறகுதான். நம்ம சனத்துக்கு புள்ள பெத்தவள பாக்க வர்றதுன்னா கையில வெந்தயமும் பூண்டும் கருவாடும் கொண்டு வந்து, பால் சுரக்குதா புள்ளன்னு நெஞ்சத் தொட்டு பாக்கிற அளவுக்கு உரிமை. மூணாவது நாள் நெஞ்சு கல்லு மாதிரி கட்டி காய்ச்சல், புள்ள கத்துது, அடுத்த காம்பரா ஆயா உள்ள வந்து, என்னடி புள்ள காயுது, எடுத்து குடுக்க வேண்டியதுதானேன்னு மகனத் தூக்கி என் மடியில போட்டுச்சு. ப்ளவுஸ் ஊக்குல கைய வச்சுகிட்டு நான் அப்படியே உக்காந்திருக்கேன், என்ன சொல்றதுன்னு தெரியல.

அப்பத்தான் மாமி அடுப்படியில இருந்து வந்தாங்க. அவங்களுக்கு எழுத வாசிக்க தெரியாது, நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. புள்ளய என் மடியில இருந்து எடுத்துகிட்டு, அவளுக்கு நெஞ்சில கட்டி, பெரியாஸ்பத்திரி டொக்டர் குடுக்கக் கூடாதுன்னுட்டாரு, நான் மாப்பால் கரைச்சிருக்கேன்னு சொல்லி ஆயாவ இஸ்தோப்புக்கு கூட்டிட்டு போயிட்டாங்க. ராத்திரி எனக்கு மிளகு ரசம் வச்சு தந்துட்டு, ஆயி, எனக்கு பேரெல்லாம் தெரியாது, என் மகனுக்கும் உனக்கும் ஒரே நோவுன்னு தெரியும், நீ சாப்புடுன்னாங்க. ஒரு ஆள், வீட்டுக்குள்ள ஒரே ஒரு ஆளுக்கு தெரிஞ்சிருந்தா மூச்சு விடலாம். யாருக்கு சொல்றதுங்கிறத அவசரப்படாம பாத்து முடிவு பண்ணுங்க. வாய் நல்லா பேசுற ஆளா பாக்காதீங்க, முன்ன யாரு ரகசியத்தையாச்சும் காப்பாத்தின ஆளான்னு பாருங்க.

மகனுக்கு மூணு மாசமா இருக்கும் போது நாடே கவுந்துச்சு. 2022 மார்ச்ல சாதா பால்மா 400 கிராம் பக்கெட்டே 790 ரூபாவுக்கு போச்சு, கைக்குழந்தை டின் அதுக்கு மேல, அதுவும் ஹட்டன் டவுன்ல கடை கடையா ஏறி இறங்கினாலும் இல்ல. மத்த தாய்மாருக்கு நெஞ்சுல பால் இருந்துச்சு, எங்களுக்கு டின்ல மட்டும்தான். தண்ணியா கரைச்சு குடுத்திருக்கேன், இத எழுத கை நடுங்குது, ஆனா செஞ்சிருக்கேன். நிறை பாக்கும் போது மகன் கோட்டுக்கு கீழ போயிட்டான், மிஸ் கேட்டாங்க, உண்மைய சொன்னேன். கிளினிக்ல பேசி ரெண்டு மூணு டின் எடுத்து தந்தாங்க, தோடு ரெண்டும் அடகுக்கு போச்சு. தாய்ப்பால் வேணாம்னு சொல்ற வாய், பால் டின்னுக்கும் சேத்து வழி சொல்லணும். இது என் ஒருத்தியோட கோரிக்கை இல்ல, மருந்து மாதிரியே இதுவும் சிகிச்சைதான்.

அஸ்வெசுமன்னு அரசாங்க உதவிப்பணம் வந்தப்ப சில பேரு கேட்டாங்க, சிறுநீரக நோயாளிக்கு குடுக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு கொடுப்பனவு கேக்கலாமேன்னு. நான் ராத்திரி பூரா யோசிச்சேன். அந்த பேர்ப் பட்டியல எல்லாரும் பாக்க ஒட்டினாங்க, கிராம சேவகர், தலைவர், கடைக்காரர் எல்லாரும் விரல் வச்சு வாசிச்சாங்க. எங்களுக்குன்னு ஒரு கட்டம் இருந்தா அந்த கட்டத்துல பேரு வர்றதும் தப்படிச்சு சொல்றதும் ஒண்ணுதான். எங்களுக்கு காசு வேணாம்னு இல்ல, கட்டாயம் வேணும், ஆனா அது கிளினிக்குக்குள்ளயே, காட் நம்பருக்கு, பஸ் காசா கையில குடுக்கிற மாதிரி இருக்கணும்.

பல்லு வலின்னு ஒருக்கா ஒரு ஆஸ்பத்திரிக்கு போனேன், உண்மைய சொல்லணும்னு நினைச்சு சொன்னேன். டொக்டர் கைய எடுத்துட்டாரு. கடைசி ஆளா வெயிட் பண்ணுங்கன்னாங்க, கடைசி ஆளா இருந்தேன், அப்புறம் மெஷின் பழுது நாளைக்கு வாங்கன்னாங்க, நாளைக்கும் அதே. அங்க வாதாட எனக்கு தெம்பு இல்ல. கண்டி கிளினிக்ல சொன்னேன், அவங்க ஒரு கடிதம் எழுதி, போன்லயும் பேசி வேற இடத்துல புடுங்க வச்சாங்க. சாதாரணமா எல்லாருக்கும் செய்ற சுத்தத்தோட செஞ்சா போதும், இதுக்குன்னு தனி மெஷின் ஒண்ணும் இல்லன்னு அங்க பல்ல புடுங்கின டொக்டரே சொன்னாரு. யாராச்சும் திருப்பி அனுப்பினா உங்க கிளினிக்ல சொல்லுங்க, விழுங்கிகிட்டு வீட்டுக்கு வராதீங்க. லங்கா பிளஸ்னு நம்மள மாதிரி ஆட்களே நடத்துற அமைப்பு ஒண்ணும் இருக்கு, கிளினிக்ல கேட்டா தொடர்பு தருவாங்க.

பொம்பளைங்களுக்கு இன்னொண்ணு, கருப்பை வாய் புத்துநோய்க்கு பாக்கிற பாப் டெஸ்ட். எம்.ஓ.எச், அதான் சுகாதார வைத்திய அதிகாரி கிளினிக்ல 35 வயசுலதான் கூப்பிடுவாங்க, நமக்கு அது வரைக்கும் காத்திருக்க கூடாது, எஸ்.டி.டி கிளினிக்லயே பாப்பாங்க, அஞ்சு நிமிஷம்.

மகனுக்கு 18 மாசத்துல கடைசி டெஸ்ட் எடுத்தாங்க, 2023 நடுவுல. ரிசல்ட் நெகட்டிவ். அதுக்கு பிறகும் நர்சரிக்கு சேக்கும் போது எனக்கு தூக்கம் இல்ல. 2016ல குளியாப்பிட்டியில ஒரு பையன தகப்பன் எய்ட்ஸால செத்தாருன்னு வதந்திய கிளப்பி எந்த ஸ்கூல்லயும் சேக்க விடாம ஆக்கினாங்களே, அந்த புள்ளைக்கு நோயே இல்ல. கடைசில கண்டி ட்ரினிட்டி கொலேஜ்தான் சேத்துகிட்டாங்க. நம்ம தோட்டத்து நர்சரிக்கு ட்ரினிட்டி மனசு இருக்குமான்னு எனக்கு தெரியாது, அதனால நான் ஒண்ணும் சொல்லல, சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. கோப்பையில, கக்கூஸுல, பீலித் தண்ணியில, கட்டிப் புடிக்கிறதுல இது பரவாது. மருந்து ஒழுங்கா குடிச்சு கிருமி அளவு தெரியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்னா புருஷன் பொஞ்சாதிக்குள்ளயும் உடலுறவால பரவாது. இத சுவத்துல எழுதி வைக்கணும் போல இருக்கும் எனக்கு சில நாள்.

போன கிளினிக்ல மிஸ்ஸி என்னைய கூப்பிட்டு, தலவாக்கலை பக்கத்து புள்ள ஒண்ணு இருக்கு, அழுதுகிட்டே இருக்கு, கொஞ்சம் பேசுறீங்களா அக்கான்னாங்க. இருபத்தி ரெண்டு வயசு இருக்கும், வயித்துல அஞ்சு மாசம், செருப்புல சேறு அப்படியே காஞ்சு கிடந்துச்சு. நான் ஒண்ணும் பெருசா சொல்லல, முதல்ல சாப்பிட்டியான்னு கேட்டேன், இல்லன்னுச்சு, வெளிய கூட்டிட்டு போய் ரெண்டு ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கி குடுத்தேன். சாப்பிட்டு முடிச்சு, அக்கா இந்த போத்தல எங்க வைக்கிறதுன்னு கேட்டுச்சு. கைப்பையில இருந்த பஞ்ச பாதி கிழிச்சு குடுத்து, அமுக்கி வைக்கிற விதத்த காட்டினேன். இரும்பு மாத்திரைய பகலுக்கு மாத்தச் சொன்னேன். அடுத்த கிளினிக் ரெண்டு பேருக்கும் ஒரே நாள் போட்டு வாங்கிட்டோம், திரும்பி வரும்போது கினிகத்தேன வரைக்கும் அது என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு வந்துச்சு.